டிமிடர் பிளாகோயெவ்: மண்ணைப் பற்றிக் கேட்ட மனிதர்

பல்கேரியப் பொதுவுடைமை இயக்கம் என்றதும் பலருக்கும் முதலில் நினைவுக்கு வரும் பெயர் ஜார்ஜி டிமிட்ரோவ். 1933-ல் லைப்சிக் நீதிமன்றத்தில் நாஜிகளை எதிர்த்து நின்று உலகப் புகழ் பெற்றவர் அவர். ஆனால் டிமிட்ரோவ் உட்பட ஒரு தலைமுறையையே அரசியலில் வளர்த்தெடுத்தவர் வேறொருவர். கட்சிக்குள் அவரைத் 'தாத்தா' என்றுதான் அழைத்தார்கள். அவர் பெயர் டிமிடர் பிளாகோயெவ். ரஷ்யாவின் முதல் சமூக ஜனநாயகக் குழுக்களில் ஒன்றை அமைத்தவரும் அவர்தான், பல்கேரியாவின் முதல் சோசலிஸ்ட் கட்சியைத் தொடங்கியவர்களில் முதன்மையானவரும் அவர்தான்.

அவருடைய வாழ்க்கை ஒரு கேள்வியைச் சுற்றியே அமைந்தது. 'சோசலிசத்துக்கு நம் நாட்டில் மண் இருக்கிறதா?' என்பது அந்தக் கேள்வி. அதற்கு அவர் சொன்ன பதில் ஒரு வலுவான கட்சியை உருவாக்கியது. அதே பதில்தான் அந்தக் கட்சியைத் தீர்மானமான நேரத்தில் கைகட்டி நிற்கவும் வைத்தது.

பிறப்பும் இளமையும்

பிளாகோயெவ் 1856 ஜூன் 14 அன்று சகோரிச்சானி என்னும் கிராமத்தில் பிறந்தார். மாசிடோனியாவின் தென்மேற்கில், கஸ்தோரியா நகருக்கு அருகில் உள்ள ஊர் அது. அன்று அது ஒட்டோமான் பேரரசின் ஆட்சியில் இருந்தது. இன்று கிரேக்க நாட்டில், வசிலியாதா என்ற பெயரில் இருக்கிறது. 1905-ல் கிரேக்க ஆயுதக் குழு ஒன்று அந்த ஊரைத் தாக்கிப் பலரைக் கொன்றது. பால்கன் போர்களுக்குப் பிறகு ஊர் கிரேக்கத்தோடு சேர்ந்தது. தேசியவாதம் என்றாலே பிளாகோயெவுக்கு ஏன் அவ்வளவு கசப்பு என்பதைப் புரிந்துகொள்ள, அவர் பிறந்த ஊரின் கதையே உதவும்.

எளிய குடும்பம். சிறுவனாக இருந்தபோதே தலைநகர் கான்ஸ்டாண்டிநோபிளுக்குப் போனார். அங்கே பல்கேரியப் பள்ளியில் அவருக்கு ஆசிரியராக வாய்த்தவர் பெட்கோ ஸ்லாவெய்கோவ். கவிஞர், பத்திரிகையாளர், பல்கேரிய மறுமலர்ச்சியின் முக்கியமான ஆளுமை. பிறகு ஸ்டாரா சகோரா, காப்ரோவோ ஆகிய ஊர்களில் படிப்பு தொடர்ந்தது. 1875-ல் ஒட்டோமான் ஆட்சிக்கு எதிராக ஸ்டாரா சகோராவில் நடந்த கிளர்ச்சியிலும் அவர் கலந்துகொண்டார். அந்தக் கிளர்ச்சி தோற்றது.

1877-78 ரஷ்ய-துருக்கியப் போருக்குப் பின் பல்கேரியா தன்னாட்சி பெற்ற சிற்றரசாக உருவானது. ஆனால் பெர்லின் ஒப்பந்தம் மாசிடோனியாவைச் சுல்தானிடமே திருப்பிக் கொடுத்துவிட்டது. தாய்நாடு விடுதலை பெற்றுவிட்டது, பிறந்த ஊர் பெறவில்லை. இந்த நிலையில்தான் இளைஞர் பிளாகோயெவ் மேற்படிப்புக்காக ரஷ்யா சென்றார். முதலில் ஒடெஸா, பிறகு செயிண்ட் பீட்டர்ஸ்பர்க் பல்கலைக்கழகம்.

பீட்டர்ஸ்பர்க்கில் ஒரு பல்கேரிய மாணவர்

1881-ல் ஜார் இரண்டாம் அலெக்சாண்டர் வெடிகுண்டு வீசிக் கொல்லப்பட்டார். கொன்றது 'மக்கள் விருப்பம்' என்ற நரோத்னிக் இயக்கம். அதன் பிறகு வந்த அடக்குமுறையில் அந்த இயக்கம் சிதைந்தது. ஜாரைக் கொன்றால் ஜாராட்சி விழுந்துவிடும் என்ற நம்பிக்கையும் பலரிடம் சிதைந்தது. வேறு வழி என்ன என்று தேடிய மாணவர்களில் ஒருவர்தான் பிளாகோயெவ்.

1883-84 குளிர்காலத்தில் அவர் பீட்டர்ஸ்பர்க்கில் ஒரு குழுவை அமைத்தார். தங்களை 'ரஷ்ய சமூக ஜனநாயகவாதிகளின் கட்சி' என்று அவர்கள் அழைத்துக்கொண்டார்கள். வரலாற்றில் அது 'பிளாகோயெவ் குழு' என்றே பதிவாகியிருக்கிறது. அதே 1883-ல்தான் பிளெக்கானவ் ஜெனீவாவில் 'உழைப்பு விடுதலைக் குழு'வைத் தொடங்கியிருந்தார். வெளிநாட்டில் இருந்த அந்தக் குழுவுக்கு ரஷ்யாவுக்குள் ஒரு கை தேவைப்பட்டது. பீட்டர்ஸ்பர்க் குழுவுக்கோ கோட்பாட்டில் ஒரு வழிகாட்டி தேவைப்பட்டார். இரண்டு குழுக்களுக்கும் இடையே கடிதப் போக்குவரத்து ஏற்பட்டது.

தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்கு வாசிப்பு வட்டங்கள் நடத்தினார்கள். 1885-ல் 'ரபோச்சி' (தொழிலாளி) என்ற பத்திரிகையை ரகசியமாக அச்சிட்டார்கள். ரஷ்யாவின் முதல் சமூக ஜனநாயகப் பத்திரிகை அது. வெளிவந்தவை இரண்டே இதழ்கள். இரண்டாவது இதழ் வருவதற்குள் பிளாகோயெவ் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டுவிட்டார். குழு மேலும் சில காலம் தாக்குப்பிடித்து, 1887 வாக்கில் கைதுகளால் முற்றிலும் அழிந்தது.

அந்தக் குழுவின் கொள்கை தெளிவான மார்க்சியம் அல்ல. அதன் வேலைத்திட்டத்தில் லசாலின் கருத்தும் இருந்தது, லாவ்ரோவின் கருத்தும் இருந்தது. இருந்தாலும் காலத்தை வைத்துப் பார்த்தால் அதன் அருமை தெரியும். லெனின் பீட்டர்ஸ்பர்க்குக்கு வந்து சேர்ந்தது 1893-ல். பிளாகோயெவ் நாடு கடத்தப்பட்ட 1885-ல் லெனின் சிம்பிர்ஸ்க் நகரில் பள்ளி மாணவன்.

ஆசிரியர் வேலையும் இரண்டு பேரின் போராட்டமும்

பல்கேரியா திரும்பிய பிளாகோயெவ் அதே 1885-ல் ஒரு இதழைத் தொடங்கினார். 'சமகாலக் குறிகாட்டி' என்பது அதன் பெயர். பல்கேரியாவின் முதல் சோசலிஸ்ட் இதழாக அது கருதப்படுகிறது. ஆனால் அதைப் படிக்க எத்தனை பேர் இருந்தார்கள் என்பதுதான் பிரச்சினை. நாட்டில் பெரும்பாலோர் எழுத்தறிவில்லாத உழவர்கள்.

பிழைப்புக்கு அவர் பள்ளி ஆசிரியரானார். ஊர் ஊராக மாற்றம், வேலை நீக்கம், மறுபடி வேறு ஊரில் வேலை என்று வருடங்கள் கழிந்தன. 1887 முதல் 1894 வரை பிரதமராக இருந்த ஸ்டம்போலோவ் எதிர்ப்பாளர்களை இரும்புக் கையால் அடக்கியவர். அந்த ஆட்சியில் சோசலிஸ்ட் ஆசிரியருக்கு நிரந்தர வேலை கிடைக்குமா என்ன?

இந்தக் காலம் முழுவதும் அவரோடு நின்றவர் மனைவி வேலா பிளாகோயெவா. தர்னோவோ நகரில் பிறந்தவர். பீட்டர்ஸ்பர்க்கில் பெண்களுக்கான உயர்கல்வி வகுப்புகளில் படித்தவர். ஆசிரியர், எழுத்தாளர், இதழாசிரியர். 1901-ல் தோன்றிய பல்கேரியப் பெண்கள் சங்கத்தின் நிறுவனர்களில் ஒருவர். வீட்டு வருமானத்துக்கும் கட்சிப் பணிக்கும் நடுவில் அவர் சுமந்த பாரம் பெரிது. வேலா 1921-ல் காலமானார். இவர்களுடைய மகள் ஸ்டெல்லா பிளாகோயெவா பிற்காலத்தில் மாஸ்கோவில் பல்கேரியத் தூதராகப் பணியாற்றினார்.

புஸ்லூட்ஜா மலைமேல்

1891-ல் இரண்டு நிகழ்வுகள் நடந்தன. இரண்டுமே பல்கேரிய வரலாற்றில் நிலைத்துவிட்டன.

முதலாவது, 'சோசலிசம் என்றால் என்ன, அதற்கு நம் நாட்டில் மண் இருக்கிறதா?' என்ற சிறு நூல். பிராத்தானோவ் என்ற புனைபெயரில் பிளாகோயெவ் எழுதியது. அந்தக் காலத்தில் சோசலிஸ்டுகளைப் பார்த்து எல்லோரும் கேட்ட கேள்வி ஒன்றுதான். இங்கே தொழிற்சாலையே இல்லை, தொழிலாளியும் இல்லை, பிறகு யாருக்கு சோசலிசம்? பிளாகோயெவின் பதில் இதுதான்: பல்கேரியாவும் முதலாளித்துவப் பாதையில் இறங்கிவிட்டது. ஐரோப்பிய ஆலைத் துணி சந்தைக்குள் வந்ததும் உள்ளூர்க் கைவினைஞன் நொடித்துப் போகிறான். வட்டிக்காரனிடம் சிக்கிய உழவன் நிலத்தை இழக்கிறான். இன்றைக்கு இல்லாத தொழிலாளி வர்க்கம் நாளைக்கு உருவாகியே தீரும். ஆகவே மண் இருக்கிறது.

இரண்டாவது, கட்சியின் பிறப்பு. பழைய நாட்காட்டியில் ஜூலை 20, புதிய நாட்காட்டியில் ஆகஸ்டு 2. பால்கன் மலைத்தொடரில் உள்ள புஸ்லூட்ஜா சிகரத்தில் ஒரு விழா நடந்தது. 1868-ல் ஒட்டோமான் படையுடன் மோதிய கிளர்ச்சித் தலைவர் ஹாஜி டிமிடரின் நினைவைப் போற்றும் விழா. போலீஸ் சந்தேகப்படாமல் இருக்க, விழாவுக்கு வருகிற கூட்டத்தோடு கூட்டமாக இருபது பேர் அளவில் மலையேறினார்கள். அங்கே ரகசியமாகக் கூடிப் பல்கேரிய சமூக ஜனநாயகக் கட்சியைத் தொடங்கினார்கள். மக்கள் போற்றும் ஒரு வீரனின் பெயரை மறைவாகக் கொண்டு பிறந்த கட்சி அது.

குறுகியவர்களும் அகன்றவர்களும்

கட்சி பிறந்த வேகத்திலேயே கருத்து வேறுபாடும் பிறந்தது. தொழிலாளி வர்க்கமே சரியாக உருவாகாத நாட்டில் கட்சி எதற்கு, முதலில் பொருளாதாரக் கோரிக்கைகளுக்காகச் சங்கம் அமைப்போம் என்றார் யாங்கோ சாகசோவ். 1892-ல் பிரிந்தார்கள், 1894-ல் மீண்டும் சேர்ந்தார்கள்.

1897-ல் பிளாகோயெவ் 'நோவோ வ்ரெமே' (புதிய காலம்) என்ற கோட்பாட்டு இதழைத் தொடங்கினார். கால் நூற்றாண்டுக்கும் மேலாக, 1923 வரை அதை நடத்தினார். தத்துவம், பொருளாதாரம், இலக்கிய விமர்சனம் என எல்லாவற்றையும் பல்கேரிய வாசகனுக்கு மார்க்சியக் கண்ணோட்டத்தில் கொண்டு சேர்த்த இதழ் அது. மார்க்ஸின் 'மூலதனம்' முதல் தொகுதியையும் பிளாகோயெவ் பல்கேரிய மொழியில் பெயர்த்தார்.

1903-ல் இறுதிப் பிளவு வந்தது. தொழிலாளர், கைவினைஞர், சிறு வணிகர் என உழைக்கும் எல்லோரையும் சேர்த்து அகன்ற கட்சியாக இயங்க வேண்டும் என்றது சாகசோவ் பிரிவு. கட்சி தொழிலாளி வர்க்கத்துக்கு மட்டுமே உரியது, மற்ற வர்க்கங்களோடு கூட்டு வைத்தால் நீர்த்துப் போகும் என்றது பிளாகோயெவ் பிரிவு. முதல் பிரிவினரை 'அகன்றவர்கள்' என்றும் இரண்டாவது பிரிவினரைக் 'குறுகியவர்கள்' என்றும் மக்கள் அழைத்தார்கள். கேலியாகத் தோன்றும் இந்தப் பெயரைப் பிளாகோயெவின் தோழர்கள் பெருமையாகவே சுமந்தார்கள்.

ரஷ்யாவில் போல்ஷெவிக்குகளும் மென்ஷெவிக்குகளும் பிரிந்ததும் அதே 1903-ல்தான். இரண்டு பிளவுகளும் தனித்தனியாக நடந்தவை. ஆனால் மேற்கு ஐரோப்பியக் கட்சிகளை விடப் போல்ஷெவிக்குகளுக்கு நெருக்கமாக நின்றவர்கள் குறுகியவர்களே.

இந்தக் கறார்த்தன்மைக்குப் பலன் இருந்தது. 1904-ல் தங்கள் சொந்தத் தொழிற்சங்கக் கூட்டமைப்பை அமைத்தார்கள். 1906-ல் பெர்னிக் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் 35 நாள் வேலைநிறுத்தம் செய்தபோது, இளம் டிமிட்ரோவ் அங்கே முன்னணியில் நின்றார். அதே சமயம் விலையும் இருந்தது. 1905-ல் பாக்கலோவ், ஹர்லாக்கோவ் ஆகியோர் தலைமையில் ஒரு குழு வெளியேறியது. 1908-ல் இன்னொரு குழு வெளியேறியது. கட்சி ஒவ்வொரு முறையும் இன்னும் இறுகியது.

உழவர்கள் எங்கே போனார்கள்?

இங்கேதான் 'மண்' பற்றிய கேள்வி மறுபடி வருகிறது. ஒட்டோமான் நிலவுடைமையாளர்கள் வெளியேறிய பிறகு பல்கேரியாவில் நிலம் பெரும்பாலும் சிறு உழவர்கள் கைக்கு வந்தது. மக்களில் ஐந்தில் நான்கு பேர் கிராமத்தில் இருந்தார்கள். கடனும் வரியும் அவர்களை அழுத்தின. 1899-ல் அரசு தானியமாக வசூலிக்கும் பழைய தசம வரியைத் திரும்பக் கொண்டுவர முயன்றது. உழவர்கள் கொதித்தெழுந்தார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் பிளெவென் நகரில் உழவர் சங்கம் பிறந்தது. 1900-ல் துரன்குலாக் போன்ற ஊர்களில் படைகளின் துப்பாக்கிக்கு உழவர்கள் பலியானார்கள்.

பிளாகோயெவ் உழவரின் துன்பத்தை அறியாதவர் அல்ல. ஆனால் சிறு நிலவுடைமையாளன் முதலாளித்துவத்தில் அழியப் போகிற பிரிவு என்பது அவருடைய உறுதியான முடிவு. அழியப் போகிற சொத்தைக் காப்பாற்ற நினைக்கும் இயக்கம் முன்னேற்றமானதாக இருக்க முடியாது என்று நினைத்தார். உழவன் நிலத்தை இழந்து தொழிலாளியாகும்போது கட்சிக்கு வருவான் என்பது கணக்கு. ஆனால் உழவன் அதுவரை காத்திருக்கவில்லை. அலெக்சாண்டர் ஸ்டம்போலிஸ்கி என்ற தலைவரின் கீழ் அவன் தனக்கென்று ஒரு பெரிய அரசியல் சக்தியைக் கட்டிக்கொண்டான்.

போரும் குருவுக்கு எதிரான குரலும்

1910-ல் பெல்கிரேடில் பால்கன் நாடுகளின் சோசலிஸ்டுகள் கூடினார்கள். பால்கன் மக்கள் ஒருவரை ஒருவர் வெட்டிக்கொள்வதற்குப் பதிலாக ஒரு கூட்டாட்சிக் குடியரசாக இணைய வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை. 1912-13 பால்கன் போர்களில் நடந்தது அதற்கு நேர்மாறு.

1914-ல் உலகப் போர் வெடித்ததும் ஐரோப்பாவின் பெரிய சோசலிஸ்ட் கட்சிகள் தத்தம் அரசுகளுக்குப் பின்னால் போய் நின்றன. பிளெக்கானவும் ரஷ்யாவின் போர் முயற்சியை ஆதரித்தார். முப்பது ஆண்டுகளுக்கு முன் பீட்டர்ஸ்பர்க் மாணவனுக்குக் கோட்பாட்டுக் குருவாக இருந்த அதே பிளெக்கானவ்! பிளாகோயெவ் தயங்கவில்லை. தன் இதழிலேயே குருவை வெளிப்படையாக மறுத்து எழுதினார். பல்கேரியா 1915 அக்டோபரில் ஜெர்மனி பக்கம் சேர்ந்து போரில் இறங்கியது. குறுகியவர்கள் நாடாளுமன்றத்தில் போர்க்கடனுக்கு எதிராக வாக்களித்தார்கள். அப்போது ஐரோப்பாவில் இப்படி நிலைமாறாமல் நின்ற கட்சிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். பிளாகோயெவின் வாழ்க்கையில் 'குறுகிய' கொள்கை மிக உயர்ந்து நின்ற தருணம் இதுதான்.

இரண்டு முறை விலகி நின்ற கட்சி

1918 செப்டம்பரில் பல்கேரியப் போர்முனை உடைந்தது. பசியிலும் ஆத்திரத்திலும் இருந்த படைவீரர்கள் துப்பாக்கியைத் தங்கள் அரசின் பக்கம் திருப்பி, சோபியாவை நோக்கி நடந்தார்கள். ரடோமிர் நகரில் குடியரசு அறிவிக்கப்பட்டது. அதன் முன்னணியில் இருந்தவர்கள் உழவர் சங்கத் தலைவர்கள். குறுகியவர்களின் கட்சி அதில் துணை நிற்கவில்லை. கட்சியின் கணக்கில் அது உழவர் தலைவர்களின் எழுச்சி, தொழிலாளி வர்க்கத்தின் புரட்சி அல்ல. எழுச்சி நசுக்கப்பட்டது.

1919 மே மாதம் கட்சி 'பல்கேரியக் கம்யூனிஸ்ட் கட்சி' என்று பெயர் மாறி, கம்யூனிஸ்ட் அகிலத்தில் சேர்ந்தது. அந்த ஆண்டு ஆகஸ்டு தேர்தலில் 47 இடங்கள் வென்று இரண்டாம் இடத்துக்கு வந்தது. முதல் இடம் உழவர் சங்கத்துக்கு. மலைமேல் இருபது பேராகக் கூடிய கட்சிக்கு இது மாபெரும் வளர்ச்சி. ஆனால் முதல் இரண்டு இடங்களில் இருந்த கட்சிகளும் ஒன்றுக்கொன்று பகை. 1919-20 குளிர்காலத்தில் நடந்த ரயில் மற்றும் போக்குவரத்துத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தை ஸ்டம்போலிஸ்கி அரசு ராணுவத்தையும் உழவர் படையையும் கொண்டு ஒடுக்கியது. அந்தக் காயம் ஆறவில்லை.

1923 ஜூன் 9 அன்று ராணுவ அதிகாரிகளும் வலதுசாரிகளும் சேர்ந்து ஸ்டம்போலிஸ்கியின் ஆட்சியைக் கவிழ்த்தார்கள். சில நாட்களில் அவரைச் சித்திரவதை செய்து கொன்றார்கள். கம்யூனிஸ்ட் கட்சி நடுநிலை அறிவித்தது. நகர முதலாளிக்கும் கிராம முதலாளிக்கும் நடக்கிற சண்டை இது, தொழிலாளிக்கு இதில் வேலை இல்லை என்பது அதன் விளக்கம். சில இடங்களில் தாமாகவே உழவர்களோடு தோள் சேர்த்துப் போரிட்ட கம்யூனிஸ்டுகளையும் தலைமை தடுத்து நிறுத்தியது.

மாஸ்கோ இதைக் கடுமையாக விமர்சித்தது. ஆகஸ்டில் கட்சி தன் நிலையை மாற்றிக்கொண்டு ஆயுத எழுச்சிக்குத் தயாரானது. அரசு முந்திக்கொண்டது. செப்டம்பர் 12 அன்று நாடு முழுவதும் கம்யூனிஸ்டுகளைக் கைது செய்தது. செப்டம்பர் 23 அன்று வடமேற்கில் எழுச்சி வெடித்தது. வசில் கொலாரோவும் டிமிட்ரோவும் தலைமை தாங்கினார்கள். மாத இறுதிக்குள் அது ரத்தத்தில் மூழ்கடிக்கப்பட்டது. இருவரும் எல்லை கடந்து யூகோஸ்லாவியாவுக்குத் தப்பினார்கள். ஜூனில் உழவர் சங்கம் தனியாக அடிபட்டது, செப்டம்பரில் கம்யூனிஸ்டுகள் அடிபட்டார்கள். இரண்டு தரப்பும் ஒரே நாளில் எழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கேள்வி பல்கேரிய இடதுசாரிகளைப் பல தலைமுறைகளாகத் துரத்தியது.

பிளாகோயெவ் அப்போது 67 வயது முதியவர், நோயாளி. எழுச்சியை நடத்தும் நிலையில் இல்லை. 1924 ஏப்ரலில் நீதிமன்றத் தீர்ப்பால் கட்சி சட்டவிரோதமாக்கப்பட்டது. அடுத்த மாதம், மே 7 அன்று, சோபியாவில் அவர் காலமானார். தான் கட்டிய கட்சி தடைசெய்யப்பட்டதைப் பார்த்துவிட்டுத்தான் கண்மூடினார்.

பெயரும் நினைவுச்சின்னமும்

1944-க்குப் பிறகு கம்யூனிஸ்டுகள் ஆட்சிக்கு வந்ததும் பிளாகோயெவ் தேசத் தந்தையருள் ஒருவரானார். 1950-ல் கோர்னா ஜுமாயா என்ற நகரத்துக்கு பிளாகோயெவ்கிராட் என்று பெயர் மாற்றினார்கள். 1981-ல் புஸ்லூட்ஜா சிகரத்தில், பறக்கும் தட்டு வடிவத்தில் பிரம்மாண்டமான நினைவு மண்டபம் திறக்கப்பட்டது. உள்ளே வண்ணக் கற்களால் பதித்த டிமிட்ரோவ், பிளாகோயெவ், அன்றைய ஆட்சியாளர் ஷிவ்கோவ் ஆகியோரின் முகங்கள். பாராட்டோடு விமர்சனமும் இருந்தது. குறுகியவர்கள் உழவர் பிரச்சினையைப் புரிந்துகொள்ளவில்லை, அவர்கள் இன்னும் முழுமையான லெனினியவாதிகள் ஆகவில்லை என்பது கட்சி வரலாற்றில் வழக்கமாக இடம்பெற்ற குறிப்பு.

1989-ல் அந்த ஆட்சி முடிந்தது. மண்டபம் கைவிடப்பட்டது. மழையும் பனியும் உள்ளே புகுந்தன, வண்ணக் கற்கள் உதிர்ந்தன. 2018-ல் ஐரோப்பாவின் மிகவும் ஆபத்தில் உள்ள ஏழு பாரம்பரியச் சின்னங்களில் ஒன்றாக அது பட்டியலிடப்பட்டது. பிளாகோயெவ்கிராட் நகரத்தின் பெயர் மட்டும் மாறவில்லை. அங்கிருந்த கம்யூனிஸ்ட் கட்சித் தலைமையகக் கட்டடத்தில் 1991-ல் அமெரிக்கப் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டது.

பிளாகோயெவ் பதவிக்காகக் கொள்கையை வளைத்தவர் அல்ல. வேலை போனபோதும், தோழர்கள் பிரிந்தபோதும், குருவே எதிர்ப்பக்கம் நின்றபோதும் அவர் அசையவில்லை. 1914-ல் அந்த அசையாமை அவரைச் சரியான இடத்தில் நிறுத்தியது. 1918-லும் 1923-லும் அதே அசையாமை அவருடைய கட்சியைத் தவறான இடத்தில் நிறுத்தியது. 'நம் நாட்டில் மண் இருக்கிறதா?' என்று கேட்டவர், மண் இருக்கிறது என்று சரியாகவே சொன்னார். அந்த மண்ணை உழுதுகொண்டிருந்தவனைத்தான் கணக்கில் எடுக்கத் தவறினார்.